விலாசச் சீட்டுகளும் வெற்றுக் கட்டங்களும்

ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தும் விரிவாக்க அலுவலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் தபாலில் செல்லும் உறைகள் பலவாகும். மண் பரிசோதனையின் முடிவு, விதை மாதிரிப் பொட்டலம், பயிற்சி முகாமுக்கான அழைப்பு, பருவ இதழின் பிரதி ஆகியவை அவற்றுள் சில. இவ்வுறைகளின் மேல் ஒட்டும் விலாசச் சீட்டுகளை இக்காலத்தில் பெரும்பாலும் கையால் எழுதுவதில்லை. பெயர்களும் விலாசங்களும் கணிப்பொறியில் ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்கப்பட்டு, ஒரே அமைப்பில் தாள் தாளாக அச்சிடப்படுகின்றன. அவ்வாறு அச்சான தாள் ஒன்றைக் கையில் எடுத்து நோக்கின், சில சீட்டுகளில் பெயருக்கும் ஊருக்கும் இடையே ஒரு வரி வெறுமையாய்க் கிடப்பதையும், சிலவற்றில் வரியின் தொடக்கத்திலேயே ஒரு காற்புள்ளி நிற்பதையும், வேறு சிலவற்றில் "அஞ்சல்" என்னும் சொல் ஊர்ப் பெயரின்றித் தனித்து நிற்பதையும் காணலாம். பட்டியலில் அந்தந்த இடம் நிரப்பப்படாமல் இருந்ததே இதற்குக் காரணம்.

இக்குறை பார்வைக்கு அழகற்றது என்ற அளவோடு நின்றுவிடுமாயின் இதைப்பற்றி ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. மண் வள அட்டைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் ராஜஸ்தானத்தின் சூரத்கரில் தொடங்கப்பெற்ற அத்திட்டத்தின்படி, ஒரு வயலின் மண்ணில் 12 பண்புகள் ஆராயப்பட்டு, உர அளவும் பரிந்துரைக்கப்படுகிறது. மணிச்சத்து உரத்தை விதைப்பின்போது அடியுரமாக இட வேண்டும். ஆகவே, விதைப்பு முடிந்த பின் வந்து சேரும் பரிந்துரையால் அப்பருவத்தில் பயன் குறைவு. இதனினும் தீங்கானது, ஒருவருடைய முடிவு மற்றொருவர் கைக்குச் செல்வது. ஒரே ஊரில் ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், அவர்களை வேறுபடுத்திக் காட்டுவது தந்தையின் பெயரோ வீட்டின் பெயரோதான். அந்த ஒரு வரி விடுபட்டுப்போனால், களர் நிலத்துக்காரருக்கு எழுதப்பட்ட ஜிப்சப் பரிந்துரை நல்ல நிலத்துக்காரரின் வீட்டில் கொடுக்கப்படலாம். களர் நிலத்துக்காரரோ ஒன்றும் அறியாமல் வழக்கம்போல் விதைத்துவிடுவார்.

விலாசத்தின் பல வடிவங்கள்

வெற்றுக் கட்டத்தைக் கண்டவுடன் பதிவு செய்தவரின் கவனக்குறைவு என்று முடிவு செய்துவிடுகிறோம். பல சமயங்களில் அது தவறான முடிவாகும். இந்திய நாட்டின் விலாசங்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல. சண்டிகரில் வீட்டு எண்ணும் செக்டர் எண்ணுமே விலாசம். தெருவின் பெயருக்கு அங்கே வேலையில்லை. பெங்களூரில் மெயின் என்றும் கிராஸ் என்றும் இரண்டு எண்கள் வேண்டும். கேரளத்துச் சிற்றூர்களில் கதவு எண்ணைக் காட்டிலும் வீட்டின் பெயரையே தபால்காரர் நன்கறிவார். பஞ்சாபின் கிராமங்களில் தந்தையின் பெயர் விலாசத்தின் இன்றியமையாத பகுதி. வடகிழக்கு மலைப் பகுதிகளில் உள்ள பல ஊர்களுக்குத் தெருப் பெயர்களே இல்லை. பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்கும் இது பொருந்தும்: இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்திற்கு "பூசா, புது டெல்லி – 110012" என்பதே போதுமானது, தெருவும் கதவு எண்ணும் எழுத வேண்டியதில்லை.

இவை அனைத்தையும் ஒரே பட்டியலில் அடக்க வேண்டுமாயின், எல்லா வகை விலாசங்களுக்கும் தேவையான கட்டங்கள் யாவும் அதில் இருத்தல் வேண்டும். அவ்வாறு இருக்கும்போது ஒவ்வொரு விலாசத்திலும் சில கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். இங்குக் கட்டம் என்று நாம் கூறுவது, பதிவேட்டில் ஒரு செய்திக்கென ஒதுக்கப்பட்ட பத்தியை. 2025ஆம் ஆண்டில் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின் என்னும் 10 எழுத்துக் குறியீட்டை இதற்குப் புதிய எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அது நாட்டின் நிலப்பரப்பைச் சுமார் 4 மீட்டர் சதுரங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிக்குறியீடு தருகிறது. அதற்கும் ஒரு கட்டத்தைப் பதிவேட்டில் சேர்ப்போமாயின், பழைய பதிவுகள் அனைத்திலும் முதல் நாளில் அக்கட்டம் வெற்றாகத்தான் இருக்கும்.

முற்காலத்தில் இத்தொல்லை இல்லை என்பது சுவையான செய்தி. அமெரிக்காவில் ஜோசப் டங்கன் என்பவர் 1896ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அட்ரஸோகிராப் இயந்திரம் நெடுங்காலம் உலகெங்கும் வழக்கில் இருந்தது. அதன் வளர்ந்த வடிவில் ஒவ்வொருவருக்கும் ஓர் உலோகத் தகடு உண்டு. அவருடைய விலாசம் எத்தனை வரியோ அத்தனை வரிகளே அத்தகட்டில் பொறிக்கப்படும். விலாசம் முழுமையாக ஒரே பொருளாக இருந்தமையால் இடையில் வெற்றிடம் தோன்ற வழியில்லை. மாவட்டவாரியாகப் பிரிக்கவும், எண்வரிசையில் அடுக்கவும், ஒரு வட்டத்தார்க்கு மட்டும் அனுப்பவும் வசதியாக விலாசத்தை நாம் துண்டு துண்டாகப் பகுத்துக்கொண்டபோதுதான் இவ்வினா எழுந்தது. பகுத்ததை மீண்டும் இணைக்கும் முறையை அறிந்துகொள்வதே இப்பொழுது நம்முன் உள்ள வேலை.

குறியும் சொல்லும் யாருக்கு உரியவை

ஒரு பதிவேட்டில் பட்டம், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், நிறுவனம், கதவு எண், தெரு, ஊர், அஞ்சலகம், வட்டம், மாவட்டம், மாநிலம், குறியீட்டு எண் ஆகிய கட்டங்கள் இருப்பதாகக் கொள்வோம். காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்கு ஓர் உறை அனுப்ப வேண்டும். அமைப்பைச் சிந்தியாமல் வரைந்திருந்தால் சீட்டு இவ்வாறு அச்சாகும்:

திரு. இயக்குநர்,
த/பெ.
மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம்
, ,
குட்லு அஞ்சல்
வட்டம்
காசர்கோடு மாவட்டம்
கேரளம் – 671124

ஓர் இயக்குநரிடம் அவருடைய தந்தையின் பெயரைக் கேட்பது போன்று இச்சீட்டு அமைந்துள்ளது. அப்பதவியில் இருப்பவர் ஓர் அம்மையாராக இருக்கக்கூடும் என்பதையும் அது நினையவில்லை. இதன் சரியான வடிவம் வருமாறு:

இயக்குநர்
மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம்
குட்லு அஞ்சல்
காசர்கோடு மாவட்டம்
கேரளம் – 671124

முதற்சீட்டில் நேர்ந்த பிழைகள் அனைத்திற்கும் மூலம் ஒன்றே. காற்புள்ளி, "த/பெ.", "வட்டம்" ஆகியவை சீட்டின் அமைப்பில் நிலையாக எழுதப்பட்டிருந்தன, பெயர்கள் மட்டும் பதிவேட்டிலிருந்து வந்தன. பெயர் வராதபோதும் நிலையான எழுத்துகள் நின்றுவிட்டன. ஆகவே ஒவ்வொரு குறியையும் ஒவ்வொரு துணைச்சொல்லையும் அதற்குரிய கட்டத்தோடு பிணைத்துவிட வேண்டும். "வட்டம்" என்னும் சொல் வட்டக் கட்டத்தின் உடைமை. கட்டம் வெற்றானால் சொல்லும் உடன் மறைதல் வேண்டும். வரியின் முடிவும் அவ்வாறே: ஒரு வரிக்குரிய கட்டங்கள் எல்லாம் வெற்றாயின் அவ்வரி முழுவதும் நீங்கி, கீழ்வரி மேலே வர வேண்டும்.

காற்புள்ளியில் ஒரு நுட்பம் உண்டு. கதவு எண்ணும் தெருவும் ஒரே வரியில் வரும்போது இடையே ஒரு காற்புள்ளி இடுகிறோம். இக்காற்புள்ளி கதவு எண்ணுக்கு உரியதா, தெருவுக்கு உரியதா? முன்னதற்கு உரியதென்று கொண்டால் தெரு இல்லாதபோது "14," என்று வரி முடியும். பின்னதற்கு உரியதென்று கொண்டால் கதவு எண் இல்லாதபோது ", மேலத்தெரு" என்று தொடங்கும். உண்மையில் அது இரண்டிற்கும் இடைப்பட்டது. இரண்டும் இருந்தால்தான் அதற்கு இடம் உண்டு. மூன்று நான்கு கட்டங்கள் ஒரு வரியில் சேரும்போது இவ்வாறு இணை இணையாகச் சோதித்துக்கொண்டிருப்பது இயலாது. முதலில் வெற்றல்லாதவற்றை மட்டும் பொறுக்கி வரிசைப்படுத்தி, பிறகு அவற்றின் இடையிடையே காற்புள்ளியைக் கோத்துவிடுவதே எளிய வழி. பூத் தொடுப்பவர் நல்ல பூக்களைப் பொறுக்கிக்கொண்ட பிறகே நாரை எடுக்கிறார் அன்றோ!

தமிழ்ச் சீட்டுகளுக்கென ஒரு குறிப்பு. இந்தியில் "கிராம்", "போஸ்ட்", "ஜிலா" என்னும் சொற்களை முன்னே எழுதிப் பெயரைப் பின்னே எழுதுவது வழக்கம். தமிழிலோ "குட்லு அஞ்சல்", "காசர்கோடு மாவட்டம்" எனப் பெயர் முன்னும் சொல் பின்னும் வருகின்றன. ஆகையால், ஒரே இதழின் இந்திப் பதிப்புக்கென வரைந்த அமைப்பைச் சொற்களை மட்டும் மாற்றித் தமிழுக்கு எடுத்துக்கொள்ளலாகாது. அங்கே முன்னொட்டாகப் பிணைத்ததை இங்கே பின்னொட்டாகப் பிணைக்க வேண்டும். "த/பெ.", "க/பெ." என்பவை மட்டும் தமிழிலும் முன்னே நிற்பவை. பெயரின் முதலெழுத்துக்கென்று தனிக் கட்டம் வைத்திருப்போர், அதன் பின் வரும் புள்ளியையும் அதனோடு பிணைக்க மறத்தலாகாது, இல்லையேல் ". இராமன்" என்று புள்ளியோடு தொடங்கும் பெயர்கள் அச்சாகும்.

வெற்று என்பது எத்தனை வகை

இதுவரை வெற்றுக் கட்டம் என்று ஒரே சொல்லால் வழங்கினோம். கணிப்பொறிக்கு இது ஒரு பொருளல்ல, பல பொருள்கள். பெரும்பாலான குழப்பங்கள் இங்கிருந்தே கிளைக்கின்றன என்பதால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஒன்றும் எழுதப்படாத கட்டத்தைத் தரவுத்தளங்கள் "நல்" என்று ஆங்கிலச் சொல்லாலேயே குறிக்கின்றன. நல்லது என்னும் நம் சொல்லோடு அதற்கு யாதொரு உறவும் இல்லை. மதிப்பு இல்லை என்பதே அதன் பொருள். எழுத்து எதுவுமற்ற வெற்றுச்சரம் என்பது வேறு: ஒருவர் எழுதத் தொடங்கி எழுதியதை அழித்துவிட்டால் அதுவே பெரும்பாலும் எஞ்சும். இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். மைஎஸ்கியூஎல் போன்ற அமைப்புகள் இவ்விரண்டையும் வேறாகவே நடத்துகின்றன. ஆரக்கிள் அமைப்போ வெற்றுச்சரத்தையும் நல் என்றே கொள்கிறது. ஆகவே ஓரிடத்தில் சரியாக நடந்த கட்டளை மற்றோரிடத்தில் பிழைபடுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, இடைவெளி மட்டும் நிரம்பிய கட்டம். டிபேஸ், பாக்ஸ்புரோ காலத்துப் பதிவேடுகளில் ஒவ்வோர் எழுத்துக் கட்டத்திற்கும் நிலையான நீளம் உண்டு. 30 எழுத்து நீளமுள்ள கட்டத்தில் ஒன்றும் எழுதாவிடில் 30 இடைவெளிகள் அங்கே நிற்கும். பல அலுவலகங்களின் இன்றைய பட்டியல்கள் அவற்றிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவையே. ஓரங்களிலுள்ள இடைவெளிகளை நீக்கும் "டிரிம்" என்னும் கட்டளை இதற்கு மருந்து. ஆயினும் இணையப் பக்கங்களிலிருந்து படியெடுத்த பெயர்களோடு உடன்வரும் "பிரியா இடைவெளி" எக்செல்லின் டிரிம் கட்டளைக்கு அடங்குவதில்லை. அதன் எண் 160. அதனைத் தனியே தேடி மாற்ற வேண்டும். மலையாளம், இந்தி முதலிய எழுத்துகளைத் தட்டச்சு செய்கையில் அகலமே இல்லாத இணைப்புக் குறிகளும் கட்டத்தில் தங்கிவிடுவதுண்டு. கட்டத்தின் எழுத்து எண்ணிக்கையைக் கணிப்பொறியிடமே கேட்டால், வெறுமையாய்த் தோன்றும் கட்டத்திற்கு 1 என்றோ 2 என்றோ விடை வரும்போது இவை பிடிபடும்.

நான்காவது, சுழி. எக்செல்லில் ஒரு கட்டம் வேறொரு வெற்றுக் கட்டத்தைச் சுட்டினால் 0 என்ற எண் தோன்றுகிறது. பாக்ஸ்புரோவிலும் நிரப்பாத எண் கட்டத்தின் மதிப்பு 0 ஆகவே கணக்கிடப்பட்டது. எனவே குறியீட்டு எண் இல்லாதவர்களின் சீட்டில் "கேரளம் – 0" என்று அச்சாகிறது. இந்தியாவின் அஞ்சல் குறியீட்டு எண் எதுவும் சுழியில் தொடங்குவதில்லை; ஆதலால் அந்த எண்ணை எண் கட்டமாக வைக்காமல் ஆறு எழுத்துக் கட்டமாக வைத்துவிட்டு, முதலெழுத்து 1 முதல் 9 வரை உள்ளதா என்று சோதிப்பது நலம். சுழியைப் பற்றிய இவ்வெச்சரிக்கை சீட்டுக்கு மட்டும் உரியதன்று. மண் ஆய்வு அட்டையில் துத்தநாகம் அளக்கப்படாமல் விடப்பட்டிருக்க, அங்கே 0 என்று அச்சானால், படிப்பவர் மண்ணில் துத்தநாகமே இல்லை என்று கொண்டு தேவையற்ற உரத்தை வாங்குவார்.

ஐந்தாவது வகை மனிதர்களால் உண்டாவது. கட்டத்தை வெறுமையாக விட மனமில்லாதவர்கள் ஒரு சிறு கோட்டையோ, "இல்லை" என்ற சொல்லையோ எழுதிவிடுகின்றனர். கணிப்பொறி அதனை முறையான பெயராகவே ஏற்றுக்கொண்டு "இல்லை தெரு" என்று அச்சிடும். இவர்களைக் குறைகூறுவதற்கில்லை. இல்லாமைக்கும் தெரியாமைக்கும் வேறுபாடு காட்ட வேண்டுமென்ற நியாயமான எண்ணமே அவர்களை இவ்வாறு எழுதச் செய்கிறது. உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையை 1970இல் வெளியிட்ட எட்கர் காட் என்னும் அறிஞரும் இவ்வேறுபாட்டை வற்புறுத்தியவரே. பொருந்தக்கூடியதாயினும் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு குறியும், பொருந்தவே பொருந்தாது என்பதற்கு வேறொரு குறியும் வேண்டும் என்று 1990இல் வெளிவந்த தம் நூலில் அவர் வகுத்தார். வழக்கிலுள்ள தரவுத்தளங்கள் நல் என்னும் ஒரே குறியையே தருகின்றன. மலையூரில் தெரு இல்லாமை ஒன்று. நகரத்தார் ஒருவர் தம் தெருவைச் சொல்லாமல் விட்டது மற்றொன்று. முன்னதற்கு வரியை மூடிவிடலாம். பின்னதற்கு ஆளனுப்பிக் கேட்க வேண்டும். இவ்வேறுபாடு தேவைப்படும் கட்டங்களுக்கு மட்டும், "கேட்டறியப்பட்டது", "கேட்க வேண்டியது" எனக் குறிக்கும் ஒரு துணைக் கட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது போதுமானது. களத்தில் நிரப்பும் படிவத்திலும் "இல்லை", "தெரியவில்லை" என இரு சிறு பெட்டிகள் இருப்பின், எழுதுபவர் பெயருக்கான இடத்தைக் கெடுக்கமாட்டார்.

கருவிகள்

பல அலுவலகங்களில் கையாளப்படுவது வேர்டு செயலியின் மெயில் மெர்ஜ் முறை. அதில் ஒரு வரியில் ஒரு கட்டம் மட்டும் தனியே நின்று, அது வெற்றாகவும் இருந்தால், அவ்வரி தானாகவே மறைந்துவிடும். ஆனால் அதே வரியில் ஒரு காற்புள்ளியோ, ஓர் இடைவெளியோ, "வட்டம்" என்னும் சொல்லோ உடன் இருந்தால் வரி மறையாது. வரிகளைப் பத்தி முறிப்பால் பிரிக்காமல் வரி முறிப்பால் பிரித்திருந்தாலும் வெற்றிடம் நிற்கும். பலர் இச்செயலியைக் குறை சொல்வது இக்காரணத்தை அறியாமையால்தான். கட்டத்தின் குறிமுறைக்குள்ளேயே, கட்டம் நிரம்பியிருந்தால் மட்டும் முன்னே அச்சிடத்தக்க எழுத்து எது, பின்னே அச்சிடத்தக்க எழுத்து எது என்று குறிப்பிட இரண்டு துணைக்குறிகள் உள்ளன. பின்சாய்கோட்டை அடுத்து ஆங்கிலச் சிற்றெழுத்து "பி" முன்னெழுத்தையும், "எஃப்" பின்னெழுத்தையும் குறிக்கும். மேலே கூறிய பிணைப்பை இவையே நிறைவேற்றுகின்றன. தமிழுக்கு மிகுதியாகப் பயன்படுவது பின்னது.

எக்செல்லில் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதலும், லிப்ரே ஆபீஸின் கால்க்கில் 5.2 பதிப்பு முதலும் டெக்ஸ்ட்ஜாயின் என்னும் கட்டளை உள்ளது. இடையே வர வேண்டிய குறியை முதலிலும், வெற்றுக் கட்டங்களை விட்டுவிட வேண்டும் என்பதை இரண்டாவதாகவும் சொல்லிவிட்டால், எஞ்சியவற்றை அது கோத்துத் தருகிறது. நம் பூத்தொடுக்கும் வேலையை இது செவ்வனே செய்கிறது. இடைவெளி மட்டும் உள்ள கட்டத்தை அது வெற்றென்று கொள்ளாது. எனவே முன்னதாக டிரிம் செய்தல் வேண்டும். தனி வரிகளைப் பதிவேட்டிலேயே ஆயத்தம் செய்து, வரி 1 முதல் வரி 6 வரை ஆறு புதிய பத்திகளாக வைத்துக்கொண்டு, மெயில் மெர்ஜில் அவற்றை மட்டும் வரிக்கு ஒன்றாக இடுவதையே யான் பரிந்துரைப்பேன். பிழை எங்குள்ளது என்று அச்சிடும் முன்பே பட்டியலில் பார்த்துவிடலாம்.

ஆக்செஸில் எழுத்துகளை இணைக்க இரண்டு குறிகள் உண்டு. உம்மைக்குறி நல் மதிப்பை வெற்றெழுத்தாகக் கொண்டு மற்றதை அப்படியே விடுகிறது. கூட்டல் குறியோ, ஒரு பக்கம் நல் ஆனால் முழுவதையும் நல் ஆக்கிவிடுகிறது. இரண்டாவது குறை போலத் தோன்றினும் நமக்கு மிக உதவுவது அதுவே: "தெரு" என்னும் கட்டத்தையும் வரி முறிப்பையும் கூட்டல் குறியால் இணைத்துவிட்டால், தெரு இல்லாதபோது வரி முறிப்பும் உடன் மறையும். அவ்வாறு இணைத்த துண்டுகளை ஒன்றோடொன்று உம்மைக்குறியால் சேர்க்க வேண்டும். கட்டத்தில் நல்லுக்குப் பதில் வெற்றுச்சரம் இருந்தால் இவ்வித்தை பலிக்காது.

மைஎஸ்கியூஎல்லில் கன்கேட் என்னும் இணைப்புக் கட்டளை மிகக் கடுமையானது. 12 கட்டங்களில் ஒன்றே ஒன்று நல் ஆயினும் விலாசம் முழுவதும் நல் ஆகிவிடும். சீட்டு வெள்ளைத் தாளாக வெளிவரும். இடைக்குறியுடன் இணைக்கும் கன்கேட் டபிள்யூஎஸ் என்னும் கட்டளை நல் கட்டங்களைத் தாண்டிச் செல்லும். ஆனால் வெற்றுச்சரங்களைத் தாண்டாது. ஆதலால் ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் டிரிம் செய்து, விளைவு வெற்றுச்சரமாயின் நல்லிஃப் என்னும் கட்டளையால் அதனை நல் ஆக்கி, அதன்பின் இணைப்பதே முறை. இம்மூன்று படிகளை இவ்வரிசையிலேயே செய்வோருக்கு இடையில் அநாதையாக நிற்கும் காற்புள்ளிகள் தோன்றுவதில்லை.

தாளின் அளவு

வெற்றுக் கட்டங்களை மூடக் கற்றுக்கொண்டவர்கள், எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும் விலாசத்தை மறந்துவிடுவது வழக்கம். 210க்கு 297 மில்லிமீட்டர் அளவுள்ள தாளில் மூன்று பத்தியும் எட்டு வரிசையுமாக 24 சீட்டுகள் வரும் ஒட்டுத்தாள் பரவலாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு சீட்டும் 64க்கு 34 மில்லிமீட்டர். மேலும் கீழும் 2 மில்லிமீட்டர் விட்டால் எஞ்சுவது 30. ஆங்கில எழுத்தில் 12 பாயிண்ட் வரி இடைவெளி போதும். அது ஏறக்குறைய 4.2 மில்லிமீட்டர் ஆதலால் 7 வரிகள் அடங்கும். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் மோதாதிருக்க 14 பாயிண்ட், அஃதாவது சுமார் 4.9 மில்லிமீட்டர் வேண்டும். 6 வரிகளே அடங்கும். பெயர், தந்தை பெயர், கதவு எண்ணும் தெருவும், ஊர், அஞ்சலகம், வட்டமும் மாவட்டமும், மாநிலமும் குறியீட்டு எண்ணும் என எண்ணினால் 7 வரிகள் ஆகின்றன. ஏழாவது வரி வெட்டுப்படும். அவ்வாறு வெட்டுப்படுவது குறியீட்டு எண் உள்ள வரி என்பதுதான் கொடுமை. எனவே தமிழ்ச் சீட்டில் ஊரையும் அஞ்சலகத்தையும் ஒரே வரியில் கொள்ளும்படி அமைக்க வேண்டும். ஊரும் அஞ்சலகமும் ஒன்றேயாயின் ஒருமுறை மட்டும் அச்சிட்டால் போதும். நீண்ட பெயர்கள் மடங்கி இரண்டு வரிகளாவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூடக் கூடாத கட்டங்கள்

எல்லா வெற்றிடத்தையும் சத்தமின்றி மூடிவிடும் அமைப்பு, அழகான தவறான சீட்டுகளை அச்சிடும். பெயர், ஊர் அல்லது அஞ்சலகம், குறியீட்டு எண் ஆகியவை இல்லாத பதிவைச் சீட்டுத் தாளுக்கே அனுப்பாமல் தனிப் பட்டியலாக ஒதுக்கிவிட வேண்டும். குறியீட்டு எண் 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டுகின்றன. ஒன்பதில் தொடங்குபவை படைத்துறை அஞ்சலுக்கு உரியவை. ஒரே பெயருள்ள ஊர்கள் பல மாநிலங்களில் இருக்கும் நாட்டில், மாவட்டக் கட்டமும் வெற்றாகி இவ்வெண்ணும் இல்லாதுபோனால் அவ்வுறைக்குப் போக்கிடம் இல்லை.

பட்டக் கட்டம் வெற்றானால் "திரு." என்று தானாக நிரப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நிலம் பெண்மணியின் பெயரில் இருக்க, அவருக்குத் திரு என்று எழுதுவது தவறு. பட்டமின்றிப் பெயரை மட்டும் எழுதினால் எவருக்கும் மரியாதைக் குறைவில்லை. பெயருக்குப் பின் "அவர்கள்" என்று சேர்த்துக்கொள்வது ஆண், பெண் இருபாலார்க்கும் பொருந்தும்.

பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் ஆசிரியர்கள் தந்தை பெயர்க் கட்டத்தில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். தாயால் மட்டும் வளர்க்கப்படும் குழந்தையின் கையில் "தந்தை:" என்று அச்சாகி எதிரே ஒன்றும் இல்லாத உறையைக் கொடுத்தனுப்புவது, அதன் வகுப்புத் தோழர் முன்னிலையில் அதனைப் புண்படுத்தும். அங்கே சொல்லும் புள்ளியும் ஒருசேர மறைந்து, தாயின் பெயரோ காப்பாளரின் பெயரோ நேரே முதல் வரியில் வருமாறு அமைத்தல் வேண்டும். பதிவேட்டில் "யாருக்கு" என்று ஒரு கட்டத்தைப் புதிதாக வைத்து, சேர்க்கையின்போதே அதனைக் கேட்டு நிரப்பிக்கொள்ளும் பள்ளிகளுக்கு இத்தொல்லை இராது.

சோதித்தல்

முதல் பத்துப் பதிவுகளை அச்சிட்டுப் பார்த்து நிறைவடைவது போதாது. அவை பெரும்பாலும் கவனமாக நிரப்பப்பட்டவையாக இருக்கும். சோதனைக்கென்றே சில கற்பனைப் பதிவுகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கட்டமும் நீளமாக நிரம்பிய ஒன்று, பெயரும் அஞ்சலகமும் எண்ணும் மட்டும் உள்ள ஒன்று, கதவு எண் உண்டு தெரு இல்லை என்பது ஒன்று, தெரு உண்டு கதவு எண் இல்லை என்பது ஒன்று, இடைவெளி மட்டும் தட்டிய கட்டமுள்ளது ஒன்று, குறியீட்டு எண்ணில் சுழி உள்ளது ஒன்று, பட்டமும் தந்தை பெயரும் அற்ற நிறுவனம் ஒன்று. பதிவேட்டில் வேறு யார் மாற்றம் செய்தாலும் இவ்வேழையும் மீண்டும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.

சோதனை அச்சை விலை மிகுந்த ஒட்டுத்தாளில் எடுக்க வேண்டியதில்லை. சாதாரண வெள்ளைத் தாளில் அச்சிட்டு, ஒட்டுத்தாளின் மேல் ஓரம் பொருந்த வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், எந்த வரி சீட்டின் எல்லையைத் தாண்டுகிறது என்பது தெரிந்துவிடும். அச்சிடும் பெட்டியில் "தாளுக்கேற்பச் சுருக்கு" என்னும் தேர்வை நீக்கிவிட்டு, 100 விழுக்காட்டு அளவிலேயே அச்சிட வேண்டும். இல்லையேல் முதல் வரிசை சரியாக இருந்து, எட்டாவது வரிசைக்கு வரும்போது எழுத்துகள் சீட்டின் விளிம்பில் ஏறியிருக்கும். திரும்பி வரும் உறைகளின் மேல் தபால்காரர் எழுதும் காரணத்தை அன்றே அந்தப் பதிவின் எதிரில் குறித்துக்கொண்டு, அடுத்த அச்சுக்கு முன் அந்த ஊர்க் களப்பணியாளரிடம் அப்பட்டியலைக் கொடுத்தனுப்பலாம்.